வேகன் கதவை யார் திறப்பது

சரக்கு வேகனின் கதவை யார் திறப்பது என்று துறைமுகச் சுமைக்காரர்களான நாங்களும் ரயில்வேக்காரர்களும் மூன்று நாள் மல்லுக்கட்டினோம். மூட்டை ஏற்றுகிறவனே கதவையும் திறப்பது வழக்கம். துருப்பிடித்த கதவொன்று என் வலதுகை விரல் இரண்டை நசுக்கிய பிறகு, உங்கள் கதவை நீங்களே திறங்கள் என்று சொல்லிவிட்டோம். அவர்கள் முடியாது என்றார்கள். கப்பலில் வந்த யூரியா கொட்டகையில் கிடந்தது.

அந்த யூரியா வாலாஜாபாத்தில் இறங்கி, உத்திரமேரூர்ப் பக்கம் எங்கள் ஊர்க் கடைக்கு வரவேண்டியது. என் ஒரு ஏக்கர் நெல் அது கிடைக்காமல் மஞ்சளடித்து நின்றது. அதாவது, என் பயிருக்கான உரத்தை நானே மறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதை வீட்டில் சொல்லவில்லை. விரலில் சிராய்ப்பு என்று மட்டும் சொல்லியிருந்தேன். மூட்டைக்குப் பயப்படாத நான் என் மனைவிக்குப் பயப்படுவேன்.

நான்காம் நாள் தொழிலாளர் துறை சமரசத்துக்குக் கூப்பிட்டது. மேசைக்கு அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நாங்கள், நடுவில் அதிகாரி அம்மா. ரயில்வே தரப்பு ஒரு கட்டுக் காகிதம் கொண்டுவந்திருந்தது. கதவைப் பூட்டுவது பற்றி அதில் நான்கு பக்கம் இருந்தது, திறப்பது பற்றி ஒரு வரி இல்லை. மதியம்வரை அதையே திருப்பித் திருப்பிப் படித்தார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது.

அப்போது என் போன் அடித்தது, ஊரிலிருந்து மனைவி. கட்டுப்போட்ட விரலால் அணைக்கப் போய் ஸ்பீக்கரை அமுக்கிவிட்டேன்.

"இன்னா, போன எடுக்க இவ்ளோ நேரமா? பயிரு வைக்கோலா பூடும் போல கீது. கடைல கேட்டா கப்பல் வந்துட்ச்சாம், ஹார்பர்ல எவனோ கதவத் தொறக்க மாட்டேன்னு குந்திக்கினு கீறானாம். அவன் கையி வெளங்குமா?"

எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள்.

"நீயும் அங்கதான கீற? அவன் யாருன்னு பாத்து நாலு வார்த்த கேளு."

"கேக்கறேன்" என்றேன்.

முதலில் சிரித்தது எங்கள் சங்கத் தலைவர்தான். அதிகாரி அம்மா ஃபைலால் முகத்தை மறைத்துக்கொண்டார். எதிரே இருந்த ரயில்வே பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை.

"அந்தக் கதவுலயாப்பா நசுங்குச்சு?"

"ஆமா சார். ஏழு தையல்."

அவர் காகிதக் கட்டை மூடினார். "எங்க ஆளுங்களே கிரீஸ் போட்டுத் தொறந்து குடுக்கட்டும் மேடம்" என்றார். அரை மணியில் எல்லோரும் கையெழுத்துப் போட்டோம்.

அடுத்த வாரம் ஊருக்குப் போனேன். வரப்பில் நின்று யூரியாவைக் கூடையில் கொட்டிக்கொண்டிருந்த மனைவி, என் கையைப் பிடித்துக் கட்டை அவிழ்த்துப் பார்த்தாள்.

"சிராய்ப்புன்னியே. எதுல பட்டுச்சு?"

"வேகன் கதவுல."

"அப்போ, அந்தக் கதவத் தொறக்காதவன்..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். பிறகு கட்டைத் திரும்பச் சுற்றிவிட்டு, கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வயலில் இறங்கினாள். நானும் இறங்கப் போனேன்.

"ஈரம் படும், அங்கியே நில்லு" என்றாள். ஒரு ஏக்கருக்கும் அவளே இறைத்தாள், ஒரு தடவைகூட என் பக்கம் முகத்தைத் திருப்பாமல்.