கீரைக்கு எக்ஸ்ரே எடுப்பவர்

எங்களோடு காய்கறி வரிசையில் நிற்கும் ஓட்டுநர் ஊரைவிட்டுக் கிளம்பிய வியாழக்கிழமை காலையிலும் டானிக் அக்கா மருத்துவமனை ஜன்னலில் பீன்ஸ் கவரைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். இதே மருத்துவமனையின் மருந்து ஜன்னலில் பல வருடங்கள் மாத்திரை டப்பாக்களைக் குலுக்கிய கை அது. காய்கறி ஜன்னலுக்கு மாற்றிய பிறகும் ஓயவில்லை. டானிக் என்ற பெயரும் அந்த ஜன்னலில் வந்ததுதான். "உள்ள சரக்கு இருக்கான்னு பாக்கணும்ல" என்பார். பீன்ஸ் என்னவோ கவருக்கு வெளியே தலைநீட்டிக்கொண்டிருக்கும்.

இங்கே சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையோடு காய்கறியும் எழுதித் தருகிறார்கள். சீட்டைப் பின்பக்க ஜன்னலில் நீட்டினால் ஒரு வாரத்துக்கான கீரை, கேரட், முட்டைக்கோஸ் எல்லாம் இலவசம். முன்பு எக்ஸ்ரே பார்த்த அறை அது. படத்தை மாட்டிப் பார்க்கும் வெள்ளை விளக்குப் பெட்டி இன்னும் சுவரில் இருக்கிறது. அக்கா அதைப் போட்டு, கீரையை அதன்மேல் விரித்துப் பிடித்துப் பூச்சி பார்ப்பார். பல தேசத்துச் சந்தைகளில் கீரை வாங்கியிருக்கிறேன். எக்ஸ்ரே எடுத்துக் கொடுத்தவர் இவர் ஒருவர்தான்.

வெண்டைக்காய் வேண்டாம், கத்தரிக்காய் போதும் என்று என் அம்மா ஒருமுறை பேரம் பேசினார். "மாத்திரையில சிவப்பு வேணாம், மஞ்சள் குடுன்னு கேப்பீங்களாம்மா? வாங்கிட்டுப் போங்க" என்று பதில் வந்தது. அம்மா வீடு வரும்வரை முணுமுணுத்தார். வந்ததும் வெண்டைக்காயை நறுக்கினார்.

ஓட்டுநர் நகரப் பேருந்து ஓட்டியவர். சர்க்கரை இறங்காவிட்டால் ஸ்டீயரிங் கிடையாது என்று கம்பெனி சொல்லிவிட்டதால்தான் காய்கறிக்கு வந்தார். அக்காவை அவர் தங்கச்சி என்று கூப்பிட, அவர் மனைவி அதைப் பிடித்துக்கொண்டு "நாத்தனாரே" என்று ஆரம்பித்துவிட்டார். கேரட் கோணலாக இருந்தால்கூட, அண்ணன் வீட்டுக்குச் செய்யும் சீர் இவ்வளவுதானா என்று வம்பிழுப்பார். வாராவாரம் பை நிறைய வாங்கிப் போனார்கள். சர்க்கரை மட்டும் இறங்குவதற்குப் பதில் ஏறியது.

மருத்துவர் இருவரையும் உட்காரவைத்து விசாரித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. மனைவியே அதைப் பிறகு வரிசையில் எங்களுக்கு நடித்துக் காட்டினார். ஓட்டுநர் வழக்கம்போல் வயிறு முட்டச் சாப்பிடுவார். கை கழுவுவார். அப்புறம் வேகவைத்த காயைக் கண்ணை மூடிக்கொண்டு, ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்குவார். கவர்மேல் அப்படித்தான் ஒட்டியிருந்தது: சாப்பாட்டுக்குப் பின்.

ஒட்டியது அக்கா. மருந்து ஜன்னலில் மிஞ்சிய லேபிள் சுருளை வீணாக்க மனமில்லாமல், கவரின் வாயை மூட அதையே பயன்படுத்தியிருந்தார். பாதித் தட்டு காய், அதுவும் முதலில், மற்றதெல்லாம் மீதிப் பாதிக்குள் என்று மருத்துவர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். சொன்னது காற்றோடு போக, லேபிள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

வரிசையே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. கம்பெனி ஓட்டுநரை வண்டியிலிருந்து இறக்கி, வேறு ஊர் டிப்போவில் மற்ற ஓட்டுநர்களுக்குச் சாவி எடுத்துக் கொடுக்கும் மேசையில் உட்காரவைத்தது. சர்க்கரை இறங்கினால் மறுபடி பார்க்கலாம் என்றார்கள்.

அந்த வியாழக்கிழமை இருவரும் சொல்லிக்கொள்ள வந்தார்கள். அக்கா வெளியே வந்து, தன் சாப்பாட்டுத் தட்டின் நடுவே விரலால் கோடு இழுத்துக் காட்டினார். "இந்தப் பக்கம் பூரா காய். இது காலியானாத்தான் அந்தப் பக்கம் கை போகணும். அண்ணி, நீங்க பக்கத்துலயே உக்காந்து பாருங்க." கல்யாணமான நாளிலிருந்து அந்த வேலையைத்தான் பார்ப்பதாக மனைவி சொன்னார்.

ஓட்டுநர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "லேபிளை மட்டும் குத்தம் சொல்லாத தங்கச்சி. வயித்த ரொப்பிக்கிட்டு அப்புறம் மருந்து திங்கறது எனக்கும் சௌகரியமாத்தான் இருந்துச்சு."

அன்றே லேபிள் சுருள் குப்பைக்குப் போனது. இப்போது கவரை நூலால் கட்டுகிறார். கட்டிய பையை நீட்டினாலும் உடனே விடமாட்டார். "எதை முதல்ல சாப்பிடுவீங்க?" என்று கேட்டு, சரியான பதில் வரும்வரை பையின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டே நிற்பார். பசியோடு வந்த மெக்கானிக் ஒருவர் "உங்களைத்தான்" என்றார். அவருக்கு அன்று பாகற்காய் கூடுதலாகக் கிடைத்தது.

ஓட்டுநரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. அக்காவும் போன் செய்து கேட்கவில்லை. கேட்டு, இன்னும் சாவி மேசைதான் என்று பதில் வந்துவிட்டால் என்ன செய்வது என்று ஒருமுறை என் அம்மாவிடம் மட்டும் சொன்னாராம்.

மழை போய், வெயில் போய், மறுபடி மழை பிடித்திருந்த ஒரு நாள் நான் ஜன்னலில் நின்றுகொண்டிருந்தேன். அக்காவின் போனில் ஒரு குரல் செய்தி வந்து விழுந்தது. அவர் கையெல்லாம் கீரை மண். என்னை அழுத்தச் சொன்னார்.

"தங்கச்சி, நேத்து டெஸ்ட்ல பாஸ். இன்னைக்குக் காலையில சாவிய நானே எனக்கு எடுத்துக் குடுத்துக்கிட்டேன். இரு, கேளு."

பிறகு பேச்சில்லை. ஒரு பெரிய இன்ஜின் செருமியது, உறுமியது, கதவு ஒன்று தடதடத்தது, வண்டி நகர்ந்தது.

வரிசை மழையில் நின்றிருந்தது. அக்கா கையைத் துடைத்தார். போனை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு ஜன்னலை இழுத்துச் சாத்தினார். உள்ளே அந்தப் பேருந்து மறுபடியும் கிளம்பியது.