நர்ஸ் பக்கத்தில் எழுதியது

ஆஸ்பத்திரியின் சர்க்கரை நோய்ப் பிரிவில் அந்த நர்ஸைக் 'கால் அக்கா' என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். அவருடைய அப்பாவுக்கு சர்க்கரையால் ஒரு கால் போயிற்று. அதனாலோ என்னவோ, இந்தப் பத்தொன்பது வருடத்தில், வெறும் மாத்திரை வாங்க வந்தவரைக்கூடச் செருப்பைக் கழற்றவைத்து விரலிடுக்கு வரை பார்க்காமல் அனுப்பியதில்லை. "அக்காகிட்ட மூஞ்சி கழுவாம வரலாம், கால் கழுவாம வர முடியாது" என்று வரிசையில் கேலி பேசுவார்கள்.

ஒரு நாள் ஒரு தையல்காரர் வந்தார். வலது சுண்டுவிரல் ஓரத்தில் மிளகளவு கறுப்பு. உணர்ச்சி இருக்கிறதா என்று நைலான் இழையால் அக்கா தொட்டுப் பார்த்தார். தொட்டது தையல்காரருக்குத் தெரியவே இல்லை. அவருடைய சிகிச்சை நோட்டில் நர்ஸ் எழுதும் இடப்பக்கத்தில், "புண். உணர்ச்சி இல்லை. இன்றே பார்க்கவும்" என்று எழுதினார்.

நேரில் சொல்லிவிடலாம் என்று டாக்டர் அறை வரை போனார். உள்ளே ஒரே நெரிசல். போன வாரம்தான், குறுக்கே பேசியதற்கு டாக்டர் எல்லார் முன்னாலும், "நீங்க டாக்டரா, நான் டாக்டரா?" என்று கேட்டிருந்தார். எழுதியாயிற்றே என்று அக்கா திரும்பிவிட்டார்.

டாக்டர், தான் எழுதும் வலப்பக்கத்தை மட்டும் பார்த்தார். சர்க்கரை குறைந்திருந்தது. அதே மாத்திரை, அடுத்த மாதம் வரச்சொன்னார்.

பதினாறாம் நாள் தையல்காரரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று.

அப்புறம்தான் மேலிடத்துக்கு உறைத்தது. டாக்டர்களும் நர்ஸுகளும் செவ்வாய்தோறும் சேர்ந்து உட்கார்ந்து படிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. முதல் வகுப்பில் அந்த நோட்டையே மேசையில் விரித்தார்கள்.

"நான் அந்தப் பக்கத்தப் பாக்கவே இல்ல, சிஸ்டர்" என்றார் டாக்டர்.

"நான் உள்ள வந்து சொல்லல, சார்."

மறுநாளிலிருந்து, நோயாளிகளை அழைக்குமுன் இருவருமாக நோட்டுகளைப் பார்த்தார்கள். நான்கு மாதம் நன்றாகத்தான் போயிற்று. பிறகு டாக்டருக்கு மாற்றலானது; புதியவருக்கு வகுப்புக்கு நேரமில்லை. செவ்வாய் வகுப்பும் நின்றுபோனது.

தையல்காரரின் மனைவி ஒருமுறை மருந்து வாங்க வந்தபோது கேட்டாள்:

"அன்னைக்கே பாத்துட்டீங்களாமே?"

"பாத்தேன்மா. எழுதினேன். வாயத் தொறந்து சொல்லியிருக்கணும்."

அவள் மருந்தை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அக்காவுக்கு.

இப்போதெல்லாம் அவர் எழுதிவிட்டு நேரே உள்ளே போய்ச் சொல்லிவிடுகிறார். அநேகமாக தினமும் புதிய டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறார்.