டீக்கடைக்குப் போன சாண வாயு

புருஷன் இறந்ததும் ஐந்து மாட்டையும் விற்றுவிடச் சொன்ன பங்காளிகளிடம் முடியாது என்றவள் பெருநகர் கிராமத்து உண்ணாமலை. 1984-இல் யூனியன் ஆபீஸ் மானியத்தில் கொல்லையில் சாண எரிவாயுக் குழி கட்டினாள். குழிமேல் கவிழ்த்த இரும்பு டிரம், வாயு சேரச் சேர மேலே எழும்பும். அவளும் ஓரகத்தி பவளமும் சமைத்தது போக, மீதி வாயு டிரம் ஓரத்தில் குமிழியிட்டு வீணாயிற்று.

பின்தெரு டீக்கடை ராஜாராம் அதைக் கேட்டான். கடை அடுப்புக்குக் குழாய் போட்டுக் கொடுத்தால், மாதம் ஒரு மூட்டை பிண்ணாக்கு தருவதாகப் பேச்சு. சில மாதம் ஒழுங்காக வந்தது. பிறகு நின்றுவிட்டது; மூன்று மூட்டை பாக்கி. உண்ணாமலை கடைக்கே போய்க் கேட்டாள்.

"இன்னாக்கா, வீணாப் போற காத்துக்கு வெலையா? மாடு சாணி போடுது, அது தானா வருது."

"தானா வருதா? தெனம் சாணியில நின்னுகினு கரைக்கறது யாரு?"

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் வீட்டுக்கு வந்து, கடைக்குப் போகும் வால்வை இறுக மூடிவிட்டுக் கழனிக்குப் போனாள்.

பால் காயும்போதே அடுப்பு அணைந்தது. ராஜாராம் திட்டிக்கொண்டே கடையைப் பலகை போட்டு மூடிவிட்டு, மண்ணெண்ணெய் ஸ்டவ் வாங்க உத்திரமேரூர் பஸ் ஏறினான். அடுப்பின் திருகை மூட அவனுக்குத் தோன்றவில்லை.

பொழுது சாயும் நேரத்தில், டீக்கடை மூடிக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டே திரும்பிய உண்ணாமலைக்கு டிரம்மைப் பார்த்ததும் திக்கென்றது. நிறைந்து நிற்க வேண்டியது பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது.

"பவளம், கடை வால்வத் தொட்டியா?"

"டிரம்மு பொங்கிக்கினு இருந்திச்சி. மறந்துட்டியோன்னு தொறந்து வுட்டேன்க்கா."

வால்வை மூடிவிட்டுக் கடைக்கு ஓடினாள். ராஜாராம் அப்போதுதான் பஸ்ஸிலிருந்து வந்து, ஒரு பலகையை மட்டும் எடுத்துவிட்டு இருட்டில் உள்ளே போயிருந்தான். வாசலிலேயே வாடை மூக்கில் ஏறியது.

"ராஜாராம்! குச்சி கிழிக்காத! வெளிய வா!"

"சண்ட போட இதான் நேரமா?"

உள்ளே தீப்பெட்டி குலுங்கும் சத்தம். விளக்கிக்கொண்டிருக்க நேரமில்லை. பாய்ந்து அவன் கையைத் தட்டிவிட்டு, சட்டையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்தாள்.

"பைத்தியமா புடிச்சிருக்கு?"

"மோந்து பாருய்யா. கடை பூரா கேஸு."

"சாக்கடை நாத்தம்னு நெனச்சேன்..." என்றவன் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். அவள் மற்றப் பலகைகளையும் எடுத்துக் கடையைக் காற்றாடத் திறந்துவிட்டு வந்தாள்.

"சொல்லாம மூடனது என் தப்பு. ஆனா பிண்ணாக்கு பாக்கி பாக்கிதான்."

மறுநாள் இரண்டு மூட்டை வந்தது. மூன்றாவதுக்கு மழுப்பினான். அவள் வால்வைத் திறக்கவில்லை. மண்ணெண்ணெய் கிடைக்காமல் அலைந்து சலித்தபின், ஒரு காலையில் அந்த மூட்டையையும் தானே தூக்கிவந்து கொல்லையில் இறக்கினான்.

"அடுப்புத் திருகு மூடிக் கீதா?"

"மூடிக் கீதுக்கா."

"போயி இன்னொரு தபா பாத்துட்டு வந்து சொல்லு."

அவன் முணுமுணுக்காமல் போனான். வந்து சொல்லும்வரை அவள் வால்வில் கை வைக்கவில்லை.