மணலுக்கு நடுவே களிமண்

என் வீட்டுக்காரருக்கு மண்ணைக் கண்டால் கை சும்மா இருக்காது. விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மைப் பட்டறையில் என்னோடு வேலை பார்த்தவர். இப்போது சவூதிப் பாலைவனத்தில், எண்ணெய்க் கிணறு தோண்டும் கேம்ப்புக்குத் தண்ணீர் லாரி ஓட்டுகிறார். நம் ஊர்க் கோபுரத்தைவிட உயரமாக மணல் குன்றுகள் நிற்கிற இடம்.

ஒருநாள் போனில் ஒரே குதூகலம்.

"இங்க மணலுக்கு நடுவுல களிமண் தரை இருக்குது. நத்தை ஓடெல்லாம் கிடக்குது. ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி ஏரியாம், கேம்ப்பு இன்ஜினியர் சொன்னாரு. நம்ம பக்கம் வருதே, அந்தத் தென்மேற்கு மழைதான் அப்ப இங்கயும் பெஞ்சிருக்குது. நீர்யானை எலும்புகூட எடுத்திருக்காங்களாம். அப்புறம் மழை விலகிப் போச்சு, மணல் மூடிக்கிச்சு."

நீர்யானை கிடந்த ஏரியையே விட்டுப் போன மழைக்கு நாம் எம்மாத்திரம்? மறுநாள் மணிமுத்தாற்றுப் பாலத்தில் போகும்போது கீழே பார்க்காமலே நடந்தேன். அங்கேயும் மணல்தான் கிடந்தது.

வெள்ளிக்கிழமை லீவு, அன்றைக்குத் தவறாமல் பேசுவார்; அடுத்த வெள்ளிக்கிழமை அவரிடமிருந்து போன் வரவில்லை. சாயங்காலம் பட்டறையில் இருந்தபோது மங்கலம்பேட்டை பாய் கூப்பிட்டார். அவரும் அதே கேம்ப்பில்தான் இருக்கிறார்.

"பயப்படாதீங்க தங்கச்சி. மச்சான் காலையில கேம்ப்பு பிக்கப் வண்டிய எடுத்துக்கிட்டுப் போனாரு, இன்னும் வரல. மணல் காத்து வேற அடிக்குது."

"எங்க போனாருண்ணே?"

"தெரியலம்மா. சாக்கும் மம்பட்டியும் எடுத்துக்கிட்டுப் போனாரு."

எனக்குப் புரிந்துவிட்டது. அந்த அனலில் மண் வெட்டப் போகிற ஆள் உலகத்திலேயே இவர் ஒருத்தர்தான்.

"அண்ணே, அந்தப் பழைய ஏரி இருந்த இடத்துல தேடச் சொல்லுங்க!"

போனைத் தூக்கி வீசலாம் போல ஆத்திரம். வீசினால் அடுத்த அழைப்பு எதில் வரும்? அச்சிலிருந்து ஒரு பொம்மையைப் பிரிக்கப் போய், தலையைப் பிய்த்துவிட்டேன். அதை மேசையில் வைக்கவும் பயமாக இருந்தது, கையிலேயே வைத்திருந்தேன்.

இருட்டுவதற்குள் கண்டுபிடித்துவிட்டார்கள். வண்டி மணலில் புதைந்துபோய், அதன் நிழலில் சுருண்டு கிடந்தாராம். பாட்டிலில் சொட்டுத் தண்ணீர் இல்லையாம்.

பாய் போனை அவரிடம் கொடுத்தார். அழுதேன், வாய்க்கு வந்தபடி திட்டினேன், உடனே வூட்டுக்கு வாங்க என்றேன். பிறகு கரகரத்த குரலில் சொன்னார்:

"மண்ணு எப்படி இருக்குது தெரியுமா? இருந்த தண்ணிய ஊத்திப் பிசைஞ்சு பாத்தேன். வெண்ணெயாட்டம் குழையுது."

குடிக்க வைத்திருந்த தண்ணீரைத்தான் சொல்கிறார். கையிலிருந்த பொம்மைத் தலையை அப்போதுதான் மேசையில் வைத்தேன்.