ட்வீட் கோட்டின் ஒட்டுத்துணி

ஊட்டிப் பழைய துணிக்கடையில் வாங்கிய ட்வீட் கோட்டை கம்பெனி மெர்ச்சண்டைசர் தம்பி சாம்பிள் தைக்கும் என் மேஜையில் வைத்தான். "எங்க தெச்சதுன்னு பார்த்துச் சொல்லுங்கக்கா. வெளிநாட்டு பையர் கேக்கறாருங்க."

நீராவி இஸ்திரியை வைத்ததும் கம்பளி வாடை எழுந்தது. சித்தப்பாவின் வாடை. என் சிறு வயதில் இப்படியொரு கோட்டைப் பெருமாநல்லூர் வெயிலிலும் கழற்றாமல் திரிந்தார். பனியன் யூனிட்டில் பங்கு கேட்டு அப்பாவோடு மல்லுக்கு நின்றவர், ஒரு காலையில் அதே கோட்டோடு ஊட்டி பஸ் ஏறினார். ஜன்னல் வழியே என் கவுனைத் தொட்டு, "கிளி பறந்துரும் கண்ணு, புடிச்சுக்கோ" என்றார். வெட்டி மிஞ்சிய கட்டிங் வேஸ்டில் அப்பாவே தைத்த, பச்சைக்கிளி அச்சிட்ட பனியன் துணிக் கவுன் அது.

சித்தப்பா திரும்பவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் அப்பா, "பஸ் ஏத்தி உட்டதுதானுங்க, அப்பறம் நான் அவனைப் பார்க்கவே இல்லீங்க" என்று சொன்னார். அந்த மாதமே என் கவுனும் காணாமல் போனது. "நாய் இழுத்துட்டுப் போயிருச்சு கண்ணு" என்றார்.

கோட்டின் முதுகில் ஒரு கிழிசல் நேர்த்தியாக மூடப்பட்டிருந்தது. உள்துணியைப் பிரித்தேன். கம்பளிக்கு அடியில் பனியன் துணியை வைத்துத் தைத்திருந்தார்கள். அதில் பச்சைக்கிளிகள், ஓரத்தில் என் கவுனுக்கு அப்பா மடித்துப் போட்ட அதே தையல்.

"ஏதாச்சும் தெரியுதுங்களாக்கா?" என்றான் தம்பி.

வெளியே மொபெட் ஹாரன் கேட்டது. தினமும் சாயங்காலம் என்னை வீட்டுக்குக் கூட்டிப்போக அப்பாதான் வருவார்.