பேருந்தில் ஏறாத பாட்டுக்காரி

எஸ்னாத் குரலெடுத்தால் ந்திராண்டே ஊர்த் தேவாலயத்தில் சளசளவென்று பேசிக்கொண்டிருப்பவர்களும் வாயை மூடிக்கொள்வார்கள். ஆனால் வெளியூர்க் கச்சேரிக்குப் பாடகர் குழு கிளம்பும்போதெல்லாம் அவளுக்கு ஏதாவது ஒரு சாக்கு வந்துவிடும். தலைக்கனம் என்றார்கள். அவளும் மறுத்ததில்லை.

பிறக்கும்போதே அவளுடைய குடலின் கடைசிப் பகுதி வேலை செய்யவில்லை. கைக்குழந்தையாக இருக்கையில் அந்தத் துண்டை அறுத்தெடுத்தார்கள். உயிர் பிழைத்தாள், அடக்கும் சக்திதான் முழுதாக வரவில்லை. விடிந்ததும் குழாய் வைத்து உப்பு நீரால் குடலைக் கழுவுவாள். வெளியே போகும் நாளில் பட்டினி. இடுப்பில் கட்டும் சீத்தெஞ்சே துணியை இரண்டு சுற்றாகக் கட்டிக்கொண்டு, கோவிலில் கதவோரமாக நிற்பாள். "யார்கிட்டயும் மூச்சு விடாத, சிரிப்பாங்க" என்று அம்மா சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அதனால்தான் வீட்டிலேயே உட்கார்ந்து பள்ளிச் சீருடை தைத்துப் பிழைத்தாள்.

குழுவில் பக்கத்தில் நின்று பாடும் லிகினெட்டுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வீடு நாட்டின் வடகோடியில், கரோங்காவில்.

"வேற எதுக்கு வராட்டியும் போ. என் கல்யாணத்துக்கு நீதான் பாடணும். வருவியா?"

"வராம இருப்பேனாடி?"

சொல்லும்போது மனதாரத்தான் சொன்னாள். புறப்படும் காலையில் வயிறு நிற்காமல் போயிற்று. ஒரு பகல் முழுக்க வண்டிக்குள், அத்தனை பேர் நெருக்கத்தில்! மலேரியா என்று சொல்லியனுப்பினாள். மறுநாள் சந்தையில் நூல்கண்டு வாங்க நின்றவளை, கல்யாணத்துக்குப் போகாமல் ஊரிலேயே இருந்த லிகினெட்டின் சித்தி பார்த்துவிட்டாள். அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

வருஷங்கள் கழித்து, சொந்தத்தில் ஒரு சாவுக்காக லிகினெட் ஊருக்கு வந்தாள். ஞாயிறு பூசை முடிந்ததும் எஸ்னாத் அவளைக் குழாயடிக்கு இழுத்துப்போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். சொல்லி முடிக்கும்வரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அடிப் பைத்தியமே! சொல்லியிருந்தா புதருக்குப் புதர் வண்டிய நிறுத்தியிருப்பேனே. எங்க மாமியா போற எடமெல்லாம் நிறுத்தச் சொல்லுது, நாங்க என்ன செத்தா போனோம்?"

எஸ்னாத் சிரிக்கப் போனாள். லிகினெட் சிரிக்கவில்லை.

"நீ வந்துருவன்னு ஒம் பாட்ட வேற யாரையும் பாட விடல. நான் வாசலையே பாத்துக்கிட்டு நின்னேன். கடைசில பாட்டே இல்லாம மோதிரம் மாத்தினோம்."

"இந்தக் கிறிஸ்துமஸுக்கு வரட்டுமா?"

"வர்றதா இருந்தா வா. சொல்லிட்டு மட்டும் இருந்துடாத." கையைப் பற்றினாள், சீக்கிரமே விட்டுவிட்டாள்.

அடுத்த மாதம் குழு சோம்பாவுக்குப் பாடக் கிளம்பியபோது எஸ்னாத் பேருந்து நடத்துனரிடம் தணிந்த குரலில் சொன்னாள்: "எனக்கு வயித்துக் கோளாறு. கேட்டா நிறுத்தணும்."

"அவ்வளவுதானே அக்கா? ஏறுங்க."

வழியில் ஒருமுறை நிறுத்தச் சொன்னாள். நிறுத்தினான். அவளோடு இன்னும் நாலு பெண்கள் இறங்கினார்கள். சோளக்காட்டுப் பக்கம் ஆளுக்கொரு மறைவு தேடிக்கொண்டார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. துணியை மாற்றிக்கொண்டு திரும்பி வந்தவள் சன்னலோரம் உட்கார்ந்தாள். வண்டி கிளம்பியது, மற்றவர்கள் பாடத் தொடங்கினார்கள்.

இவ்வளவு சுலபமா? லிகினெட் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றதுதான் நினைவுக்கு வந்தது. தன் முறை வந்தும் அவளால் பாட முடியவில்லை.