சித்திரைக்குள் முடிகிற பயிர்

தை பிறந்து நெல் அறுத்து முடித்ததும் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் ஒரே பேச்சு, அடுத்து என்ன காய் போடலாம் என்பதுதான். உரக்கடையில் ஒருவர் மண்ணைப் பார் என்பார். இன்னொருவர் தண்ணீரைப் பார் என்பார். விதைப் பாக்கெட்டின் பின்பக்கம் எந்த மாதத்தில் போட வேண்டும் என்று அச்சடித்திருக்கும். நிலம் யாருடையது என்று பார் என்று யாரும் சொல்வதில்லை. சொந்த நிலம் இருக்கிறவர்களுக்கு அது தோன்றவும் தோன்றாது. எனக்கு முதலில் தோன்றுவது அதுதான்.

பாகூரிலிருந்து குருவிநத்தம் போகிற வழியில், கரும்புக்கு நடுவே முப்பது சென்ட். பத்துப் பன்னிரண்டு வருடமாக அதில் பயிர் வைக்கிறேன். நிலம் டவுனில் இருக்கிற ஒருவருடையது. நாங்கள் அவரை ஐயா என்று கூப்பிடுவோம். கரும்பை அவரே ஆள் வைத்துப் பார்த்துக்கொள்கிறார். இந்தத் துண்டு மட்டும் எங்களிடம். விளைகிறதில் அவருக்கு ஒரு பங்கு கொடுத்துவிடுவோம். எழுத்து கிடையாது, வாய்ப்பேச்சுதான். அதற்கு முன்னால் நான் கூலிக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு எங்கே போக வேண்டும், எப்போது கிளம்ப வேண்டும் என்று அடுத்தவர் சொல்லுவார். இந்த முப்பது சென்ட் கைக்கு வந்த பிறகுதான் காலையில் எழுந்து என் வேலையை நானே முடிவு செய்தேன்.

ஒவ்வொரு வருடமும் தையில் கத்தரி நடுவேன். மார்கழியிலேயே வீட்டுக்குப் பின்னால் பாத்தி கட்டி நாற்று விட்டுவிடுவேன். கத்தரி நட்டால் மாசக் கணக்கில் காய்க்கும். ஓய்ந்துபோனால் கிளையை வெட்டிக் கவாத்து செய்து தண்ணீர் விட்டால் மறுபடி தழைக்கும். தினமும் போய்ப் பார்க்க வேண்டும், புழு ஏறிய நுனியைக் கிள்ளி எறிய வேண்டும். எனக்கு அந்த வேலை பிடிக்கும்.

இந்தத் தையில் நாற்று ஒரு சாண் வளர்ந்து நிற்கும்போது ஐயா நிலத்துக்கு வந்தார். வரப்பில் நின்றபடியே சொன்னார்.

"இந்த வாட்டி கத்தரி வேணாம்மா. வெண்டை போட்டுக்கோ, வெள்ளரி போட்டுக்கோ. சித்திரைக்குள்ள முடியிற மாரி பாத்துக்கோ."

ஏன் என்று கேட்டேன். தண்ணீர் பத்தாது என்றார். பக்கத்திலேயே மோட்டார் குழாய் நிறையக் கொட்டிக்கொண்டிருந்தது. பிறகு, கத்தரிக்கு மருந்து நிறைய அடிக்க வேண்டியிருக்கும் என்றார். நான் மருந்தே அடிப்பதில்லை. அவர் வீட்டுக்குப் போகிறதும் அந்தக் காய்தான், அவருக்குத் தெரியாதா? நிலத்தை விற்கப் போகிறீர்களா என்று நேராகவே கேட்டுவிட்டேன். இல்லை என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, கடைசியில் உண்மையைச் சொன்னார்.

"பாரிஸ்லேருந்து பையன் போன் பண்றான்மா. செடி நிக்கிற வரைக்கும் ஆளும் நிக்கும், அப்பறம் நெலத்தவிட்டு எழுப்ப முடியாதுன்றான். உன்ன சொல்லல. பொதுவா சொல்றான்."

"அந்தப் பொதுவுல நான் ஒருத்திதானங்க இருக்கேன்" என்றேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். விற்கிறேன் என்று சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. நிலம் அவருடையது, விற்பது அவர் இஷ்டம். இத்தனை வருடம் காய் பறித்துக் கொடுத்த என்னைத் திருடி மாதிரி நினைத்ததுதான் பொறுக்கவில்லை.

என் வீட்டுக்காரர் கொத்தனார். அரியாங்குப்பத்தில் புதுசு புதுசாக எழும்புகிற வீடுகளில்தான் அவருக்கு வேலை. சாயங்காலம் அவர் வந்ததும் சொன்னேன். சிரித்தார். "கத்தரிச் செடி பட்டா வாங்கித் தரும்னு தெரியாம பூட்சேடி. முன்னாடியே தெரிஞ்சிருந்தா ஏரிக்கரை முழுக்க நட்டுட்டிருப்பன்." சிரித்து முடித்த பிறகு, சண்டை போடாதே என்றார். இது போனால் வேறு நிலம் கிடைக்காது, எங்கே பார்த்தாலும் மனைக்கல் நட்டுக்கொண்டிருக்கிறார்கள், மறுபடி களை எடுக்கத்தான் போக வேண்டும் என்றார். அது எனக்கும் தெரியும்.

மறுநாள் காலையில் வீட்டிலிருந்த விதையை எல்லாம் எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். எந்தக் காய்க்கு என்ன பக்குவம் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு முதல்முறையாக, எதைப் பார்த்தால் ஐயா பயப்படுவார் என்று யோசித்து விதை பொறுக்கினேன். புடலை, பீர்க்கை போடலாம். ஆனால் பந்தல் வேண்டும், பந்தலுக்குக் கால் நட வேண்டும். கத்தரியையே ஆகாது என்கிறவர், நான் கால் நட்டால் வேலி போடுகிறாள் என்பார். முருங்கை பேச்சையே எடுக்க முடியாது. கீரை போட்டால் ஒரு மாதத்துக்குள் பிடுங்கிவிடலாம், அவருக்கு நிம்மதி. எனக்கு அப்புறம் என்ன இருக்கும்? கொத்தவரை பரவாயில்லை. வெள்ளரி தரையோடு படர்ந்து கிடக்கும், யாரையும் பயமுறுத்தாது. வெண்டை நிமிர்ந்து நிற்கும், ஆனால் கோடையோடு முடிந்துபோகும்.

வெண்டையே போட்டேன். ஓரத்தில் கொஞ்சம் வெள்ளரி. கத்தரி நாற்றை ஆற்றோரம் சொந்த நிலம் வைத்திருக்கிற என் நாத்தனார் வந்து வாரிக்கொண்டு போனாள். "இன்னா அண்ணி, நல்ல நாத்தப் போய்க் குடுக்கிறியே, கிறுக்கா?" என்று கேட்டாள். நாற்று நிற்காது, கொண்டுபோய் இன்றைக்கே நடு என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

ஒன்றை மட்டும் நான் செய்யவில்லை. எங்கள் மாட்டுச் சாணம் வருடம் முழுக்கக் குழியில் மக்கிக் கிடக்கும். வழக்கமாகத் தையில் அத்தனையும் அந்த நிலத்துக்குத்தான் போகும். இந்தத் தடவை ஒரு கூடைகூடத் தூக்கவில்லை. வீட்டுக்காரர் கேட்டார், குழியிலேயே கிடக்கட்டும் என்றேன்.

பங்குனியில் ஐயா வந்தார். வெண்டை காய்க்க ஆரம்பித்திருந்தது. ஆனால் இலை வெளிறி, தண்டு மெலிந்து நின்றது.

"எரு போடலியாம்மா?"

"சித்திரையில நெலத்தவிட்டு ஏந்து போறவ எதுக்குங்க எரு போடணும்? அது என் மாட்டுச் சாணிங்க."

அவர் குனிந்து ஒரு செடியைத் தொட்டுப் பார்த்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நான் பறிப்பதை நிறுத்தவில்லை.

"ஆடியில கத்தரி நடும்மா. பையன்கிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார்.

"பேசிட்டீங்களா, இனிமேத்தான் பேசணுமா?"

"இனிமேத்தான்."

"பேசிட்டு வந்து சொல்லுங்க. அப்பறம் நாத்து விட்றேன்."

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று வீட்டுக்காரர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். நடு என்று ஐயாவே சொன்ன பிறகு தலையை ஆட்டிவிட்டு வந்திருக்க வேண்டியதுதானே என்கிறார். அப்படி வந்திருந்தால், அடுத்த போன் வந்ததும் நட்ட செடியைப் பிடுங்கச் சொல்வார். விதைக்கு முன்னால் சொல்ல வேண்டியதை விதைக்கு முன்னாலேயே சொல்லட்டும்.

சித்திரை பிறந்துவிட்டது. ஐயா இன்னும் வரவில்லை. ஆனியில் நாற்று விட்டால்தான் ஆடியில் நட முடியும். அதுவரைக்கும் பார்ப்பேன். வராவிட்டால் அவர் நிலத்தை அவரே வைத்துக்கொள்ளட்டும் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். சொல்லும்போதே களைக் கூலி நினைவுக்கு வருகிறது. ஆனாலும் சொல்கிறேன். வெண்டை இன்னும் ஓயவில்லை. ஒரு நாள் விட்டால் முற்றிப்போகும். நாளைக்கும் போய்ப் பறிக்க வேண்டும்.